நீலம்தான் கடைசியில் போகும்

சொர்ணத்தக்காவின் சேவலுக்கு மாரிக்கனி கண் வைத்த அன்று மத்தியானம், அந்தச் சேவல் தெருவில் இல்லாமல் போய்ப் படத்தில் நின்றது. அதற்காக உட்கார்ந்து ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இல்லை. தீபாவளி ஆர்டர்கள் தலைக்கு மேல் கிடந்தன, மிஷின்கள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன, சிவகாசியில் அந்த மாதங்களில் ஒரு சேவல் காகிதத்துக்குள் போவதைவிடக் காகித லாரி வராமல் போவதுதான் பெரிய செய்தி.

மாரிக்கனி எங்கள் தெருக்காரி, தேன்சிட்டு ஆப்செட்டில் டிசைனர். பட்டாசு டப்பா, தீப்பெட்டி லேபிள், காலண்டர் என்று எது வந்தாலும் வரைந்து கொடுப்பாள். வரைந்து என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எல்லா டிசைனர்களையும் போல அவளும் இன்டர்நெட்டில் ஒரு புலியைப் பிடித்து, வெட்டி, பின்னால் நெருப்பை ஒட்டி, மேலே கம்பெனி பெயரை வில்லாக வளைத்துவிடுவாள். அந்த வருடம் ஒரே புலி அதே பல்லைக் காட்டிக்கொண்டு மூன்று கம்பெனி வெடிகளில் வந்து தொலைத்தது. முதலாளி ரத்தினபாண்டி அண்ணாச்சி மூன்று டப்பாக்களையும் அவள் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"ஏம்மா மாரி, ஊரெல்லாம் மேயுற புலி நமக்கு வேண்டாம். யாரும் பாக்காத ஒண்ணு வேணும். எங்கயாவது போயி எதையாவது பாத்துட்டு வா."

அவள் பார்த்தாள். கண் எரியும்வரை திரையைப் பார்த்தாள், பத்திரகாளியம்மன் கோயில் கோபுரத்துப் பொம்மைகளைப் பார்த்தாள், பழைய லேபிள் ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை, மண்டை காலி டப்பாவாகக் கிடந்தது. கடைசியில் டீ குடிக்க வெளியே வந்தவள் அச்சகத்துக்குப் பின்னால் கட்டிங் குப்பை மேட்டில் சொர்ணத்தக்காவின் சேவலைக் கண்டாள். கொண்டையில் ஒரு ரோஸ் காகிதத் துண்டும் வாலில் ஒரு பச்சைத் துண்டும் ஒட்டியிருக்க, உலகமே தனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல அது கோபமாக நின்றது. அந்தக் கோபம் அவளைப் பிடித்துக்கொண்டது. டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி மகளின் வாட்டர் கலர் டப்பாவை எடுத்துவந்து, வேஸ்ட் ஷீட்டின் முதுகில் அங்கேயே குந்தி வரைய ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாமி படம் எதுவானாலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார்கள். நகை, பட்டு, பூமாலை, சிரிப்பு எல்லாம் முடிந்தபின்னும் படம் குருட்டுப் படமாகக் காத்திருக்கும். நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டி, கருவிழியை வைத்து, அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளியை வைப்பார்கள். அந்தப் புள்ளிதான் கண் திறப்பது. சேவலுக்கு யார் எலுமிச்சம்பழம் அறுப்பார்கள்? கை பழகியபடி மாரிக்கனி கண்ணைக் கடைசியாக வைத்தாள், புள்ளியை வைத்தாள், நிமிர்ந்தாள். குப்பை மேடு இருந்தது, சேவல் இல்லை.

சொர்ணத்தக்கா தேடிக்கொண்டு வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். "எங்க சேவல்தான். வால்ல இறகு ஒடிஞ்சிருக்கு பாரு. எப்ப வெளிய வருமாம்?"

"தெரியலக்கா."

"சரி, வெயில்ல நிக்குது, தண்ணியாவது வச்சியா?"

மாரிக்கனி சேவலின் காலடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வரைந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

படம் அச்சாகி வந்ததும் ஒரிஜினல் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. அந்த முதல் அச்சு ஓட்டத்தில் வந்த டப்பாக்கள் மட்டும், மதுரையானாலும் மைசூரானாலும், விடிகாலையில் கடை அலமாரியிலிருந்து கூவின. கூவுகிற வெடி வேண்டும் என்று ஆர்டர் குவிந்தது. அதே பிளேட்டை மறுபடி ஓட்டியபோது வந்தவை வெறும் சேவல் படங்களாக வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தன. ஒரு சேவல் எத்தனை ஊருக்குத்தான் கூவும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அதன்பின் அச்சகத்துப் பனைமரத்துக் கிளிகள் போயின, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு போனது, பால்காரர் வீட்டுச் செவலைக் கன்று போனது. மாரிக்கனி வேண்டுமென்று செய்யவில்லை. எதைப் பார்த்து மனசு ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறதோ அதைக் கை வரைந்துவிடும், வரைந்தால் கண் வைக்காமல் விட மனசு வராது, கண் வைத்தால் அது போய்விடும். அழகான எதையும் அவள் அதன்பின் இரண்டாம் முறை பார்த்ததில்லை. அவள் வரைந்த டப்பாக்கள் தேசமெல்லாம் போயின, எங்கள் தெருவில் காலைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

நாங்கள் அவளை வையவில்லை. இதற்கென்று ஒரு நடைமுறையைப் பழகிக்கொண்டோம், அவ்வளவுதான். அவள் தெருவில் வரும்போது "மாரி வாரா, மூடு மூடு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். மாட்டின் மேல் சாக்கு விழும், கோழிகள் கூடையின் கீழ் போகும், தாய்மார்கள் பிள்ளையின் முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டே "சாப்டியா மாரி?" என்று பிரியமாகக் கேட்பார்கள். கல்யாண வீடுகளில் அவளுக்கு முதல் பந்தியில் இலை போட்டோம், முகம் மட்டும் சுவரைப் பார்த்தபடி. அவளும் சுவரைப் பார்த்தே ரசத்தைப் பாராட்டிவிட்டு, சுவரைப் பார்த்தே மணமக்களை வாழ்த்திவிட்டு வருவாள்.

வேண்டாததைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. வார்டு கவுன்சிலர் சாக்கடைப் பன்றிகளை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். ஒருத்தி தன் மாமியாருக்குப் பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசிக் கூட்டிவந்தாள், விஷயம் தெரியாத மாமியார் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாரிக்கனி எல்லாரையும் வரைந்தாள். எல்லாப் படமும் இன்டர்நெட் புலி மாதிரி வந்தது, பன்றிகள் பன்றிகளாக, மாமியார் மாமியாராக வீடு திரும்பினார்கள். கேட்டு வராது அது.

பெண்டாட்டியைப் பறிகொடுத்த கட்டிங் மாஸ்டர் காளிராஜும் ஒருநாள் வந்தார். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"என்னைய வரைஞ்சிரு தாயி. இங்க இருந்து என்ன செய்யப் போறேன். டப்பாவுலயாவது சிரிச்சிட்டு நிக்கேன்."

மாரிக்கனி அவரை உட்காரவைத்து, அழுதுகொண்டே சாயங்காலம் வரை வரைந்தாள். வரவில்லை. "நான் அதுக்கும் லாயக்கில்ல போல" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

இதையெல்லாம் அவள் தாங்கினாள். தாங்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது. அது சுபிக்ஷா. ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. புருஷன் இன்பராஜ் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர், பம்பாய் என்று லாரியில் போகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. ஆக அந்தச் சின்ன வீட்டில் தாயும் மகளும் மட்டும், தாயோ மகளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சோற்றைத் தட்டைப் பார்த்துப் போட்டாள், பின்னலை முதுகுப்பக்கமிருந்து போட்டாள், பிள்ளை சிரித்தால் அடுப்பைப் பார்த்தாள். சேவலுக்கே மனசு நின்றுவிட்டது என்றால் மகளுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கு அது தெரியாது.

"எங்க அம்மாவுக்கு என்னையப் பிடிக்காது" என்று சுபி ஒருநாள் சொர்ணத்தக்காவிடம் சொல்லியிருக்கிறாள். "போடி கிறுக்கி, நீ அப்படியே உங்கம்மா கண்ணு. ஒன்னையப் பிடிக்காம?" என்று அக்கா அவளை அணைத்துக்கொண்டாள். அணைக்கிறவள் அம்மாவாக இல்லையே என்று பிள்ளை அழுதது.

ஆனி மாதம், ஆடிப்பெருக்குக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஆடிப்பெருக்கு அன்றுதான் எங்கள் ஊரில் வரும் வருடத்துக் காலண்டர் ஆல்பங்களைத் திறப்பார்கள். தேன்சிட்டின் ஆல்பத்தில் அட்டைப்படம் மட்டும் காலியாக இருந்தது, குழந்தை மீனாட்சி வேண்டும் என்று அண்ணாச்சி தினமும் வந்து நின்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லை. சுபி ஜன்னலடியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்து, பேன் சீப்பால் தன் தலையை வாரிக்கொண்டு, சிக்கு விழுந்த இடத்தில் எல்லாம் முடியைப் பெரிய மனுஷி மாதிரி வைதுகொண்டிருந்தாள். சட்டென்று தலையை உதறி நிமிர்ந்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மாரிக்கனி அந்த ஒரு நிமிஷம் திரும்பிவிட்டாள்.

கை கேட்கவில்லை. மோசமாக வரையப் பார்த்தாள், நன்றாக வந்தது. கோணலாக இழுத்தாள், பிள்ளையின் மூக்கு அப்படித்தான் கோணல், சரியாக உட்கார்ந்தது. சாயங்காலத்துக்குள் கண்ணைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணுக்கு வந்தபோது தூரிகையை ஜன்னல் வழியே வீசி எறிந்தாள். கிழிக்கவும் பயம், கிழித்தால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும். படத்தைப் பீரோவின் ஓரம் தரையில் குப்புறப் போட்டு, அதன் மேல் அரிசிச் சாக்கை வைத்துவிட்டு, அன்று முதல் நிம்மதி இல்லாமல் நடமாடினாள்.

சுபி அதைக் கண்டுபிடித்தாள். பிள்ளைகள் எதைத்தான் கண்டுபிடிக்க மாட்டார்கள். சாக்கை இழுத்துத் தள்ளி, தாளைத் திருப்பியபோது, தன் காலும் தன் முடியும் தன் கோணல் மூக்கும் இருக்கக் கண்டாள். அம்மா தன்னைப் பார்த்திருக்கிறாள், நகத்து அழுக்கு வரைக்கும் பார்த்திருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் பிள்ளைக்குக் காலே தரையில் இல்லை. கண் மட்டும் பாக்கி. வேலை மிகுதியில் அம்மா விட்டிருப்பாள், நாமே முடித்து அம்மாவிடம் கொடுப்போம் என்று தன் கலர் டப்பாவை எடுத்துவந்தாள். கண்ணாடி அவளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தது. தன் கண் எப்படி இருக்கும்? அப்படியே அம்மா கண்ணு என்றுதான் ஊரே சொல்கிறதே.

மாரிக்கனி முற்றத்து வெயிலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு சுபி வரைந்தாள். கருவிழியை வைத்தாள். கடைசியில் வெள்ளைப் புள்ளியை வைத்தாள்.

"என்னட்டி, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டாள் மாரிக்கனி, அந்த உச்சி வெயிலில்.

தெரு கூடிவிட்டது. முதலில் நாங்கள் பிள்ளையைத்தான் பிடித்துப் பார்த்தோம், கை கால் எல்லாம் இருந்தது. பிறகு தாயைப் பார்த்தோம். அவள் கண்கள் சுண்ணாம்புச் சாந்து உருண்டை மாதிரி வெறுமனே இருந்தன. பிள்ளை அலறியது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா, நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்று அது படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றது. மாரிக்கனி சத்தம் வந்த பக்கம் கையை நீட்டியவள் பாதியில் நின்றாள்.

"சுபி, படத்தத் திருப்பு. என் பக்கம் இல்ல, உன் பக்கம் திருப்பு."

பிள்ளை திருப்பியது.

"மூக்கத் தொடைட்டி. வழியுது பாரு."

படத்தின் கண் வழியாக அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் முழுக்க, விளக்கு வைத்த பின்னும், மாரிக்கனி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ மாதத்துப் பார்வை பாக்கி இருந்தது. திரும்பி நில், சிரி, பல்லைக் காட்டு, சும்மா இரு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், வரையக் கண்ணில்லை, பிள்ளை எங்கும் போகாது. அவள் சிரித்ததை நாங்கள் வெகுநாள் கழித்து அன்றுதான் பார்த்தோம், எங்களுக்கு அழுகை வந்தது.

படத்தை அச்சடிக்கச் சொன்னது மாரிக்கனியேதான். அண்ணாச்சி வாயைத் திறக்கவே தயங்கினார். "அவரு லாரியில எங்கெங்கயோ போறாரு அண்ணாச்சி. அவரையும் பாக்கணும். புள்ள ஸ்கூலுக்குப் போனா ஸ்கூல்லயும் ஒண்ணு மாட்டணும். ஒரு கண்ணு வீட்டுக்குள்ளயே கெடந்து என்ன செய்ய" என்றாள். ஆடிப்பெருக்கு அன்று குழந்தை மீனாட்சி ஒரு காலை மடித்து, சீப்பைப் பிடித்தபடி ஆல்பத்தில் முதல் பக்கமாக வந்தாள், ஒரிஜினல் வெள்ளைத் தாளானது, மார்கழிக்குள் கடைசி காலண்டர் வரை லோடு ஏறிவிட்டது.

தைப் பிறப்புக்கு மாரிக்கனிக்கு லட்சம் சுவர்கள் தெரிந்தன. எங்கெங்கோ இருக்கிற அடுப்படிகள், டீக்கடைகள், சலூன்கள், போலீஸ் ஸ்டேஷன் ஒன்று. கண்ணை மூடினாலும் தெரிந்தது, மூட அங்கே என்ன இருக்கிறது. ஒருநாள் போனில் "இன்னிக்கு எந்த ஊரு?" என்று கேட்டவள், இன்பராஜ் பதில் சொல்லுமுன் "தாடையில சோறு ஒட்டியிருக்கு, தொடைங்க" என்றாள். அவன் நாக்பூர் ஓட்டலில் சுவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டானாம்.

நாங்கள் இதையும் பழகிக்கொண்டோம். வெளியூரில் மகனோ மகளோ இருப்பவர்கள் எல்லாம் அந்தக் காலண்டரை வாங்கிக் கட்டாயம் மாட்டச் சொல்லி அனுப்பினோம். சாயங்காலம் அவள் வாசலில் நின்று, "எம்மவன் சாப்டானா பாரு மாரி", "எம்மவ அழுதாளா பாரு" என்று கேட்போம். அவளும் சொல்வாள். ஈரோட்டில் ஒரு வீட்டில் ஒருவன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்றாள் ஒருநாள். ஆணியில் தொங்கிய ஜவுளிக்கடைப் பையில் ஊர் பெயர் இருந்தது, எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது, சுவரும் அடுப்பும் அந்தப் பெண்ணும்தான் தெரிந்தன. "என்னையவே பாத்து அழுகுதாக்கா. சாமின்னு நெனச்சுக் கேக்கா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்." மாரிக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடிப்பதைத் தவிர எங்களுக்கும் வழி தெரியவில்லை.

அடுத்த மார்கழியில் சுவர்கள் ஒவ்வொன்றாக இருட்டின. புதுக் காலண்டர் வந்தால் பழையது போகத்தானே வேண்டும். ஈரோட்டுப் பெண்ணும் ஒருநாள் இருட்டில் போனாள், அதன்பின் அவளுக்கு என்ன ஆனது என்று தெரியாது. அதே பிளேட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தோம், சேவலுக்கு ஆனதுதான் ஆனது, வந்தவை வெறும் படங்கள். இன்பராஜ் ஊர் ஊராக முதல் ஓட்டத்துக் காலண்டர்களைத் தேடி, எண்ணெயும் கரியும் பிடித்த சிலவற்றைக் கழற்றி வந்தான். கடைசியில், மற்றவை பூச்சி அரித்துப் போக, தேதித் தாளெல்லாம் கிழிந்து, படம் மட்டும் எஞ்சி, வீட்டுச் சுவரில் சுபி படிக்கும் இடத்துக்கு எதிரே ஒன்றே ஒன்று நின்றது.

அது ஜன்னல் வெயில் விழுகிற சுவர். அச்சுக்காரப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிகிற சங்கதி ஒன்று உண்டு. வெயிலில் காகிதம் கிடந்தால் முதலில் மஞ்சள் போகும், பிறகு சிவப்பு போகும், நீலம்தான் கடைசியில் போகும். அதனால்தான் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் பழைய போஸ்டரில் எல்லாரும் நீலமாக நிற்கிறார்கள். ஊருக்கே இதைச் சொல்லித் தருகிற நாங்கள், பிள்ளையைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே என்று அந்தச் சுவரில் நாங்களேதான் ஆணி அடித்தோம். குழந்தை மீனாட்சியின் பட்டுப்பாவாடை, சீப்பு, உதடு எல்லாம் வருடத்துக்கு வருடம் வெளிறி நீலமானதைப் பார்த்தோம். அந்தக் கண்ணுக்கு இப்போது என்ன தெரிகிறது என்று மட்டும் நாங்கள் யாரும் மாரிக்கனியிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சுபி பெரியவளானாள். சடங்கு வைத்தார்கள், வாசலில் பந்தல், தெருவெல்லாம் ஃபிளெக்ஸ். தாய்மாமன் சீர்வரிசையில் இரண்டு பட்டு கொண்டுவந்தார், ஒன்று அரக்குச் சிவப்பு, ஒன்று எலுமிச்சை மஞ்சள். "செகப்பக் கட்டுங்கடி, புள்ளைக்கு எடுப்பா இருக்கும்" என்று மாமன் பெண்டாட்டி போட்ட சத்தம் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாரிக்கனிக்கும் கேட்டது. உள்ளே சிவப்புக்குத் தைத்த ரவிக்கை உடம்புக்குப் பத்தவில்லை, ஆகவே மஞ்சளைக் கட்டிவிட்டார்கள். அதைச் சத்தம் போட்டுச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சுபி வந்து, அம்மாவுக்கு எதிரே இல்லை, காலண்டருக்கு எதிரே நின்றாள். மஞ்சள் பட்டில், தலை நிறையப் பூவோடு, அந்தப் பிள்ளை நின்ற அழகுக்கு எங்கள் எல்லாருக்கும் மனசு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

"எப்படிம்மா இருக்கேன்?"

மாரிக்கனி வெகுநேரம் பார்த்தாள். பார்க்கிறாள் என்பது அவள் முகம் லேசாகச் சாய்ந்திருந்ததில் தெரிந்தது. பிறகு வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"செகப்பு உனக்கு எம்புட்டு அழகா இருக்குடி, தங்கம்."

பந்தலில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. சுபி குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். சுவரில் இருந்த நீலப் படத்தைப் பார்த்தாள். அவளும் அச்சுக்காரத் தெருவில் பிறந்தவள்தானே, அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆமாம்மா. அரக்குச் செகப்பு."

"ஜரிகை?"

"தங்கக் கலரும்மா."

மாரிக்கனி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, "நல்லாருக்குல்லக்கா, செகப்பு?" என்றாள். சொர்ணத்தக்கா முதலில் சொன்னாள், பிறகு காளிராஜ் சொன்னார், பிறகு நாங்கள் ஒவ்வொருவராக, சமையல்காரர் வரைக்கும், ஆமா மாரி, நல்ல செகப்பு, கண்ணுலேயே நிக்குது என்று சொன்னோம். அன்று முதல் அது எங்கள் தெருவில் சிவப்புச் சேலைதான். போன பொங்கலுக்கு சுபி அதைக் கட்டிக்கொண்டு போனபோது, புதிதாகக் குடிவந்த பொம்பளை ஒருத்தி "மஞ்சள் நல்லாருக்கே" என்றாள், நாங்கள் பத்துப் பேரும் சேர்ந்து அவள் வாயை அடைத்தோம்.